வங்கிக்காரர் பாடம் எடுக்கலாமா?

கேள்வி: ஜூலை மாதம் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வங்கியிலிருந்து இருவர் வந்து, சேமிப்பு பற்றியும் வரவு செலவுக் கணக்கு பற்றியும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார்கள். "கடன் கொடுக்கிறவர்களே சிக்கனம் சொல்லித் தருவதா? ஆள் பிடிக்கத்தான் வருகிறார்கள், இனிமேல் உள்ளே விடாதீர்கள்" என்று சில பெற்றோர் சண்டை போடுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?
- ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: வரட்டும், தடுக்காதீர்கள். தென்னாப்பிரிக்க வங்கிகள் சங்கம் 2008 முதல் வங்கி ஊழியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பிச் சேமிப்புப் பாடம் நடத்தி வருகிறது. வருகிறவர்களில் பலர் மனதார வருகிறவர்கள். கணக்குத் திறக்கும் படிவத்தை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்குக் குறை வேறு இடத்தில். நம் ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யார் சொன்னது? ஒப்பந்தத் தொழிலாளிகளாக இங்கே வந்து, மாதம் 10 ஷில்லிங் கூலிக்குக் கரும்புத் தோட்டத்தில் உழைத்த நம் முன்னோர்கள் அதிலும் மிச்சம் பிடித்து நிலம் வாங்கினார்கள். சீட்டு போடாத தெரு நமக்கு உண்டா? பக்கத்து ஜூலு வீடுகளில் அதையே ஸ்டோக்வெல் என்கிறார்கள். நாம் ஏமாந்ததெல்லாம் காகிதத்தில்தான். அன்று கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தோம். இன்று படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

என் அப்பா ஒரு கடையில் தவணைக்கு அலமாரி வாங்கினார். கதவு பெயர்ந்து விழுந்த பிறகும் இரண்டு வருடம் தவணை ஓடியது. மாதாமாதம் கட்டிய பணத்தில் காப்பீட்டுக்கும் ஒரு பங்கு போயிருக்கிறது. அது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆகவே, வருகிறவர்களிடம் கடன் பாடம் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் நம் பக்கம் நிற்கிற சட்டம். கடனுக்கான காப்பீட்டை அவர்கள் காட்டும் இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை, நம்முடைய பாலிசியையே கொடுக்கலாம். கடன் கொடுத்தவர் உங்கள் அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ பிடித்து வைத்துக்கொள்வதும், ரகசிய எண்ணை வாங்கிக்கொள்வதும் குற்றம். தெருவில் கடன் கொடுக்கும் மஷோனிசாக்கள் அதைத்தான் செய்கிறார்கள். தவணை தவறிவிட்டால், அன்று பாக்கி நின்ற அசலை விட அதிகமாக வட்டியும் கட்டணமும் ஏற முடியாது. இதெல்லாம் தெரியாமல் எத்தனை பேர் பயந்து பயந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

வட்டிக் கணக்கையும் பலகையில் போடச் சொல்லுங்கள். குறுகிய காலக் கடனுக்கு மாதம் 5 சதவீதம் வரை வாங்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. 5 என்றால் சின்ன எண்ணாகத்தான் தெரியும். 1,000 ரேண்ட் வாங்கி ஆறு மாதம் அசலைத் தொடாமல் விட்டால் வட்டி மட்டுமே 300 ரேண்ட். கட்டணங்கள் தனி. ஏழாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடுகிற கணக்குதான் இது. அப்புறம் அந்தப் பிள்ளை வீட்டில் போய்க் கேள்வி கேட்கும்.

சண்டை போடுகிற பெற்றோரையும் அடுத்த ஜூலையில் பின் வரிசையில் உட்கார வையுங்கள். பெயரை மறைத்து, உண்மையான கடன் ஒப்பந்தம் ஒன்றைப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். வங்கிக்காரர் அதை வரி வரியாகப் படித்து விளக்கட்டும். மாட்டேன் என்றால், அந்த வருடம் வேறு வங்கியைக் கூப்பிடுங்கள்.