கண்மாய்க்குப் பக்கத்தில் வீடு: மாடித் தண்ணீரை நேராக வாய்க்காலில் விடலாமா?

கேள்வி: மதுரையில் கண்மாய்க்கு அருகே வீடு கட்டியிருக்கிறோம். மாடியில் விழும் மழைத்தண்ணீரைத் தெரு வாய்க்காலில் விட்டால் அது கண்மாய்க்குத்தானே போகிறது, நல்லதுதானே? வீட்டுக்குள்ளேயே குழி வெட்டச் சொல்கிறார்கள். கொசு வராதா?

பதில்:

நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டியூர் கண்மாய்க்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் எங்கள் போரில் தண்ணீர். அதனால் வாசல் முழுக்க சிமெண்ட் தளம் போட்டு, தெருப்பக்கம் வாட்டம் வைத்தோம். ஓர் ஐப்பசி மழையில் வாசலில் நின்று பார்த்தபோதுதான் கண்மாய்க்கு என்ன அனுப்புகிறோம் என்று தெரிந்தது. பைக் நிறுத்துமிடத்தில் சொட்டியிருந்த ஆயில், பூந்தொட்டிக்குப் போட்ட டிஏபி உரம், மதில் வேலைக்காகக் கொட்டி வைத்திருந்த எம்-சாண்ட், நாய் போட்டுவிட்டுப் போன அசிங்கம், எல்லாம் செம்பழுப்பாகக் கலங்கி ஒரே ஓட்டமாக வாய்க்காலில் இறங்கியது. மனசு கேட்கவில்லை.

என் அம்மா மேலூர்ப் பக்கம். அவர்கள் ஊரில் குடிதண்ணீர் ஊருணிக்குள் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள். மாடு குளிப்பாட்ட வேறு குளம் உண்டு. நம் வீட்டு வாசலும் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மாதிரிதான், அதையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

கண்மாய்க்குத் தண்ணீர் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முன்பு அந்தத் தண்ணீர் புல், புதர், வயல் எல்லாம் கடந்து மெதுவாக வந்தது. வண்டல் வழியிலேயே படிந்தது. இப்போது மாடியிலிருந்து தளம், தளத்திலிருந்து தார்ச்சாலை என்று எங்கேயும் மண்ணைத் தொடாமல் வந்து விழுகிறது. உரத்திலும் சோப்புத்தூளிலும் உள்ள பாஸ்பரஸ் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நல்ல தீனி. அவை தண்ணீரை மூடி வளர்ந்து, பிறகு செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன, மீன்கள் செத்து மிதக்கின்றன. மணல் அடியில் படிந்து கண்மாயின் ஆழத்தைக் குறைக்கிறது.

கணக்கும் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் நாலரை! தெருவில் ஐம்பது வீடும் இதை ஒரே நேரத்தில் வாய்க்காலில் தள்ளினால் குப்பையை உருட்டிக்கொண்டுதான் போகும்.

நாங்கள் செய்தது பெரிய வேலை இல்லை. மதிலை ஒட்டி இரண்டடி அகலத்துக்குத் தளத்தைப் பெயர்த்தோம். அங்கே அரையடி ஆழத்துக்குப் பள்ளமாக்கி வெட்டிவேரும் கல்வாழையும் நட்டோம். வெட்டிவேரின் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கல்வாழை ஈரமும் தாங்கும், கொஞ்சம் காய்ச்சலும் தாங்கும். மாடிக் குழாய் முதலில் மூன்றடி நீள அகலமும் ஐந்தடி ஆழமும் உள்ள உறிஞ்சு குழிக்குப் போகிறது. அடியில் உடைகல், மேலே கூழாங்கல், அதற்கு மேல் மணல். கல் நிரப்பிய பிறகு அந்தக் குழி ஒரு தடவைக்கு ஐந்நூறு லிட்டர் கொள்ளும், அவ்வளவுதான். அது வழிந்தால் செடிப் பள்ளத்துக்கு, அதற்கும் மிஞ்சினால் வாய்க்காலுக்கு. கண்மாய்க்குப் போக வேண்டிய பங்கு போகத்தான் செய்கிறது, தெளிந்து போகிறது. மண்ணில் இறங்கியது போருக்கு.

குழியை அஸ்திவாரத்தை விட்டு ஐந்தாறடி தள்ளியே வெட்டுங்கள், செப்டிக் டேங்க் பக்கமே வேண்டாம். அதற்கு முன்னால் ஓரடிப் பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நாளைக்குள் வற்றினால் சரி. செம்மண்ணில் இறங்கிவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் இறங்காது, அங்கே தொட்டியில் பிடித்துப் புழங்குவதே மேல்.

ஒன்றை மட்டும் யாரும் செய்யக்கூடாது: மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைப்பது. மழையில் அது கொள்ளாமல் மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவில் பொங்கும், அந்தக் கழிவு அப்படியே மழைநீர் வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகும். துணி துவைத்த தண்ணீரை மழைநீர் வாய்க்காலில் விடுவதும் அதே தப்புதான். வண்டியைத் தெருவில் கழுவாமல் மண்தரையில் கழுவுங்கள். மணல் கொட்டினால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனால் பல வீட்டில் குழி தூர்ந்து கிடக்கிறது. புரட்டாசியிலேயே மாடியைக் கூட்டி, மேல் மணலை அள்ளி அலசிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் கொசு. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஓரிரு நாளில் வற்றுகிற குழியில் அது வளர வழியில்லை. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் தனியாகப் பிடிக்க நாங்கள் ஒரு டிரம் வைத்திருக்கிறோம், அதில்தான் கவனம் வேண்டும். மழை விட்டதும் டிரம்மின் அடியிலுள்ள குழாயைத் திறந்து செடிக்கு விட்டுவிட்டு, மூடியை இறுக்கி மூடிவிடுகிறோம்.