விமானம் இல்லாத விமானந்தாங்கி

கேள்வி: மிட்வே கடற்போர் பற்றிய ஆங்கிலப் படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதே ஜப்பானியர் 1942இல் நம் திருகோணமலையிலும் குண்டு போட்டார்களே, அதை ஏன் எவரும் படமாக எடுக்கவில்லை? ஹெர்மீஸ் கப்பலிலிருந்து பறந்து போய் எதிரியை மறிக்கும் ஒரு தமிழ் விமானியை நாயகனாக வைத்தால் படம் விறுவிறுப்பாக இருக்கும். வரலாறு தெரிந்தவர்கள் ஒரு சிலர்தானே? மற்றவர்களுக்குப் படம் நன்றாக இருந்தால் போதாதா?
— ஒரு வாசகர், உவர்மலை

பதில்: படம் எடுக்கத்தான் வேண்டும். நீங்கள் சொல்லும் படத்தை மட்டும் எடுத்துவிடக் கூடாது.

1942 ஏப்ரல் 9 அன்று பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மீஸிலிருந்து ஒரு விமானமும் பறக்கவில்லை. பறப்பதற்கு அதில் விமானமே இருக்கவில்லை. அதன் விமான அணி கரையில் நின்றது. ஜப்பானியக் கடற்படை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை வந்ததும், 8ஆம் திகதி இரவே துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஹெர்மீஸும் துணைக்கு ஆஸ்திரேலியாவின் வம்பயர் என்ற போர்க்கப்பலும் கரையோரமாகத் தெற்கே போயின. மறுநாள் காலை திருமலைக்குத் திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு நேரே கடலில், குண்டுவீச்சு விமானங்கள் அலையலையாக வந்து இறங்கின. உதவிக்குக் கேட்ட போர் விமானங்கள் வேளைக்கு வந்து சேரவில்லை. சில நிமிடங்களில் கப்பல் தாண்டுபோயிற்று. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வைட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்து, தண்ணீரில் மிதந்த 600 பேர் அளவில் தூக்கியெடுத்தது.

விமானங்களைச் சுமப்பதற்கென்றே கட்டிய கப்பல், வெறும் தளத்தோடு வானத்தைப் பார்த்து நின்று அடிவாங்கியது. அந்தத் தளத்தில் உங்கள் நாயகனை ஏற்றி, விமானத்தை முடுக்கிப் பறக்கவும் விட்டுவிட்டால், 307 பேர் ஏன் செத்தார்கள் என்ற காரணமே அழிந்துபோகும். அதைவிடப் பெரிய அநியாயத்தை அவர்களுக்குச் செய்ய முடியுமா?

'ஒரு சிலர்தானே' என்ற சொல்தான் எனக்குச் சுடுகிறது. ஊரறிந்த கதையில் பொய் கலந்தால் மறுக்க ஆயிரம் பேர் வருவார்கள். சிலருக்கு மட்டும் தெரிந்த கதையில் கலந்த பொய் அப்படியே நிலைத்துவிடும். நாளைக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அதைத்தான் வரலாறு என்று நம்பும்.

இயக்குநருக்குச் சுதந்திரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்கள் பேசியதை எவரும் குறித்து வைக்கவில்லை. உரையாடலைக் கற்பனையால்தான் எழுத வேண்டும். நான்கு மாலுமிகளை ஒருவராக்கலாம், ஒரு நாளை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கலாம். யார் யாரை அடித்தார், எதனால் தோற்றார் என்பதில் மட்டும் கை வைக்கக் கூடாது.

விறுவிறுப்புக்கும் இங்கே பஞ்சம் இல்லை. அன்று திருமலையைத் தாக்கிய விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர், நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத் தாக்குதலை நடத்திய அதே புச்சிடா. அதே காலையில் பிரித்தானியரின் ஒன்பது பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப்பிடித்தன. அவை வந்ததைக் கண்ட ஹிர்யு என்ற விமானந்தாங்கி மற்றக் கப்பல்களுக்கு எச்சரிக்கை அனுப்பவில்லை. கொடிக்கப்பலான அக்காகியைச் சுற்றிக் குண்டுகள் விழுந்து தண்ணீர் எழும்பியபோதுதான் மற்றவர்கள் விழித்தார்கள். ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் வீழ்ந்தன. தலைக்கு மேல் காவல் எவ்வளவு ஓட்டையாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஜூன் 4ஆம் திகதி மிட்வேயில் அமெரிக்க விமானங்களும் அப்படித்தான் எதிர்பாராமல் வந்து இறங்கின. அங்கே அழிந்த நான்கு விமானந்தாங்கிகளில் அக்காகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் எங்கள் கடலுக்கு வந்து போனவை. இதற்கு மேல் எந்தக் கதாசிரியர் எதைச் சேர்க்க வேண்டும்?

திருமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் ஒன்றின் மேல் ஜப்பானிய விமானம் விழுந்து நாட்கணக்கில் எரிந்தது. உருகி மடிந்த இரும்புத் தகடுகள் இன்றும் அங்கே கிடக்கின்றன. அதைத் தற்கொலைத் தாக்குதல் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. படம் எடுப்பவர்களும் அப்படியே காட்ட ஆசைப்படுவார்கள். ஜப்பான் தற்கொலை விமான அணிகளை அமைத்துக் களமிறக்கியது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸில். எங்கள் ஊரில் விழுந்த விமானத்தில் இருந்தவர்கள் வேண்டுமென்றே மோதினார்களா, அடிபட்டு விழுந்தார்களா என்று சொல்ல அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. படமும் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நேர்மை.

தமிழ் நாயகன் வேண்டும் என்ற உங்கள் ஆசையில் குற்றம் இல்லை, தேடிய இடம்தான் பிழை. குண்டு விழுந்த கடற்படைத் தளத்தில் கூலிக்கு நின்றவர்கள், படகு ஓட்டியவர்கள், கரி சுமந்தவர்கள், காயக்காரரைத் தூக்கியவர்கள் யார்? அவர்களில் எத்தனை பேருக்கு வீடு திரும்பக் கிடைத்தது? நிலாவெளி வீதியில் இருக்கும் யுத்த மயானத்துக்குப் போய்ப் பாருங்கள். படையினரின் பெயர், பதவி, இறந்த நாள் எல்லாம் கல்லில் வெட்டி, புல் செதுக்கிப் பேணுகிறார்கள். அது அவர்களுக்குச் செலுத்த வேண்டிய மரியாதை. நம் தொழிலாளரைத் தேடுவதென்றால் வீடு வீடாகத்தான் தேட வேண்டும்.

அந்த வேலையைப் படக்காரர் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். உங்கள் வீட்டிலோ அயலிலோ அந்தக் காலை பற்றிச் சொல்லக் கேட்டவர்கள் இருந்தால், எந்த இடம், என்ன வேலை, யார் கூட இருந்தார்கள் என்று விசாரித்து எழுதி அனுப்புங்கள். கேள்விப்பட்டதையும் நேரில் கண்டதையும் பிரித்துக் குறியுங்கள். எத்தனை பக்கம் வந்தாலும் போடுகிறேன்.