கையெழுத்துக்கு முன்னால் ஒரு மெயில்

தம்பி, ஏற்காடு மலைப்பாதையில் தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஜல்லி போடாமல் வெட்டிய மண்ணையே கொட்டி மூடுகிறார்கள், வீப் ஹோல் (சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறும் துளை) பாதி அடைத்துக் கிடக்கிறது, ஆனாலும் செக்லிஸ்ட்டில் 'சரி' என்று கையெழுத்துக் கேட்கிறார்கள், மறுத்தால் வேலை போய்விடுமோ என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயம்தான், கடன் இருக்கிறவரிடம் வீரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். ஐப்பசி மழையில் சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் தண்ணீர் தேங்கினால் அடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 டன் அழுத்தம், அதுவும் மண்ணின் அழுத்தத்துக்கு மேலே.

நான் ஒரு முறை வாயால் மட்டும் சொன்னேன். விரிசல் விட்ட அன்றைக்கு "நீ எப்பப்பா சொன்னே?" என்று கேட்டார் மேனேஜர்.

அதனால் இன்றைக்கே மெயில். யாரையும் குறை சொல்ல வேண்டாம். எந்த இடம், எத்தனை துளை அடைப்பு, டிராயிங்கில் என்ன இருக்கிறது, எப்படிச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். பதில் வராவிட்டால் டிசைன் செய்தவருக்கு, அப்புறம் துறைப் பொறியாளருக்கு.

எழுதினால் கேட்பார்களா? உறுதியில்லை. சேலஞ்சர் விண்கல ராக்கெட்டின் ரப்பர் வளையம் ஆபத்து என்று, அந்த ராக்கெட்டைச் செய்த கம்பெனியின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி 1985 ஜூலையிலேயே எழுதினார், ஏவுவதற்கு முந்தைய நாளும் வாதாடினார், கேட்கவில்லை, 1986 ஜனவரியில் 7 பேர் இறந்தார்கள். ஆனால் விசாரணையில் அந்தக் கடிதம் மேஜைமேல் இருந்தது.

மண் முழுதாக மூடுவதற்குள் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்துவிடுங்கள்.