பச்சை பூத்த செம்புக் கம்பி: பழைய கார்களின் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) வயரிங் பற்றிய கேள்வி-பதில்

டோங்காட் வாசகர்: 1994 கொரொல்லா, 4ஏ-எஃப்இ எஞ்சின். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் பொருந்தவில்லை.

ஸ்கேனர் வேண்டியதில்லை. எஞ்சின் அறையிலுள்ள டயக்னாசிஸ் பெட்டியில் டிஇ1, இ1 முனைகளைச் சிறு வயரால் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால், அந்த விளக்கே மின்னி எண்ணைச் சொல்லிவிடும். இரண்டு மின்னல், சற்று இடைவெளி, மீண்டும் இரண்டு என்றால் 22: கூலன்ட் வெப்ப சென்சாரின் சுற்று. சுற்று என்றுதான் எழுதுகிறேன்; சென்சாரோடு அதன் வயரும் கனெக்டரும் சேர்ந்தது அது. சென்சாரை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி கடிதம் போடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் கழித்துக் கிளம்புகிறது. ஈசியூவை மாற்றச் சொல்கிறார்கள்.

எந்தக் கார், எந்த ஆண்டு என்று எழுதாமல் வைத்தியம் கேட்கிறீர்கள். போகட்டும், வெளியில் பொருத்திய இம்மொபிலைசர், அதாவது திருடன் எஞ்சினைக் கிளப்ப முடியாமல் தடுக்கும் கருவி, இருக்கிறதா? காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள் என்று நம் தென்னாப்பிரிக்காவில் பழைய கார்கள் பலவற்றிலும் அதை மாட்டினார்கள். மாட்டியவர்களோ டாஷ்போர்டுக்கு அடியில் படுத்தபடி இக்னிஷன், பெட்ரோல் பம்ப், ஸ்டார்ட்டர் வயர்களை வெட்டி, உறையைக் கடித்து நிற்கும் பிளாஸ்டிக் கிளிப்பாலோ, முறுக்கிச் சுற்றிய டேப்பாலோ ஒட்டுப்போட்டுவிட்டு எழுந்து போனார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டில் டேப்பின் பசை உருகி வழிந்துவிட்டது, டர்பனின் உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிட்டது. இரண்டு பழைய ஈசியூக்களை வாங்கி ஏமாந்த பிறகு என்னிடம் வந்த ஒரு பக்கியில் (பின்னால் திறந்த தட்டுள்ள சிறு வண்டியில்), பழுது அப்படிப்பட்ட ஒரே கிளிப்பில்தான் இருந்தது. அடுத்த முறை நின்றதும், ஆறவிடாமல் சாவியைத் திருப்பிக் கேளுங்கள்: ஈசியூவுக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலே சொடுக்குகிறதா, பம்ப் இரண்டு விநாடி முனகுகிறதா, ஈசியூவுக்கு 12 வோல்ட் வந்து சேருகிறதா? சேரவில்லையென்றால் ஈசியூவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ரிலேயையும் அந்த ஒட்டுகளையும் பார்த்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். அதற்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: எர்த்து வயரை ஓம் மீட்டரில் பார்த்தேன், சுழியம் காட்டுகிறது. நல்ல எர்த்துதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இருபது இழைகளில் ஒன்று மட்டும் ஒட்டியிருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய அதையே காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளையும் ஃபேனையும் போட்டு, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை ஈசியூவின் எர்த்து பின்னிலும் வைத்து வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்து சரியில்லை.

இசிப்பிங்கோ வாசகர்: ஈசியூ கனெக்டரின் பின்கள் பச்சையாக உள்ளன. உப்புத்தாளால் தேய்க்கலாமா?

கூடாது, பூச்சு போய்விடும். கான்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷும் போதும். பேட்டரியைக் கழற்றாமல் அந்தக் கனெக்டரை இழுக்காதீர்கள் என்பதை மீண்டும் எழுதுகிறேன்.

ஃபீனிக்ஸ் வாசகர்: பல்பு வைத்த டெஸ்ட் லேம்பால் சென்சார் வயர்களைச் சோதிக்கலாமா?

வேண்டாம். அங்கே ஓடுவது 5 வோல்ட். பல்பு இழுக்கும் மின்னோட்டம் ஈசியூவையே கெடுக்கலாம். டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள்.

வெருலம் வாசகர்: சேசிஸில் வெல்டிங் செய்ய வேண்டும்.

பேட்டரி, ஈசியூ கனெக்டர் இரண்டையும் கழற்றிய பிறகு.