வேலையில் இறந்தவருக்கான இழப்பீடு: பணத்தை யாரிடம் கொடுப்பது?

கேள்வி இதுதான்: சின்ன லேத் பட்டறை. வேலை நேரத்தில் நடந்த விபத்தில் தொழிலாளி இறந்துவிட்டார், ஈஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீடு) இல்லை. விவாகரத்து ஆகாமல் பிரிந்திருந்த மனைவி, நாமினியாகப் பெயர் உள்ள அம்மா, கடைசிவரை சேர்ந்து வாழ்ந்த இன்னொரு பெண், அவர்களுடைய நாலு வயதுப் பையன். எல்லாரும் பணம் கேட்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

யார் கையிலும் கொடுக்காதீர்கள். மரண இழப்பீட்டை தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகவே கணக்கில் வராது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வைத்தாலும், திரும்ப முழுத்தொகையும் கட்டச் சொல்வார்கள்.

ஒரே விலக்கு, அவசரச் செலவுக்கு மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் தரலாம். அது வாங்கியவரின் பங்கிலிருந்து கழித்து உங்களுக்குத் திரும்பும், ஆனால் அவருக்குப் பங்கே இல்லை என்று முடிவானால் எதிலிருந்து கழிப்பார்கள்? அதனால் வங்கி வழியாக, ரசீதோடு, மனைவிக்கோ அம்மாவுக்கோ கொடுங்கள்.

பங்கு பிரிப்பது அதிகாரியின் வேலை. நாமினி என்பதெல்லாம் பிஎஃப் விஷயத்தில் சரி, இங்கே அது முடிவு செய்யாது. வாரிசுச் சான்றிதழும் அப்படித்தான்: நல்ல உடல்நிலையில் உள்ள முப்பது வயது மகன் வாரிசு, ஆனால் சட்டம் சொல்லும் சார்ந்திருப்பவர் அல்ல. உங்கள் விஷயத்தில் மனைவி, பிரிந்திருந்தாலும், சார்ந்திருப்பவர் பட்டியலில் வருவார். அம்மா விதவை என்றால் தானாகவே வருவார். இறந்தவரின் அப்பா உயிரோடு இருந்தால், அம்மா தன் மகன் சம்பாத்தியத்தை ஓரளவாவது நம்பி இருந்ததைக் காட்ட வேண்டும். சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு அதில் இடமில்லை, ஆனால் அந்தப் பையனுக்கு உண்டு, அப்பாவை நம்பி வாழ்ந்தவன் என்பதால். யாருக்கு எவ்வளவு என்பதை அதிகாரி விசாரித்து முடிவு செய்வார், பையன் பங்கை அவன் பெயரில் முதலீடு செய்யச் சொல்லலாம்.

அப்புறம், சண்டை தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி, தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதம் வேறு. பணம் கட்ட, யார் உரியவர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம்.

கட்டும்போது உங்களுக்குத் தெரிந்த எல்லாருடைய பெயரும் முகவரியும் எழுதிக் கொடுங்கள். அந்தப் பையன் பெயரை விட்டுவிடச் சொல்லி யாராவது வந்து பேசுவார்கள், விடாதீர்கள்.