கைக்குள் பதித்த பேமென்ட் சிப்பை வைத்து பஸ், ரயிலில் தினமும் போய்வர முடியுமா?

முடியும். லண்டனில் இரண்டு வருஷத்துக்கும் மேல் அப்படித்தான் போய்வந்தேன். ஆனால் எந்தக் கையில் போடுவது என்பதை முதலில் யோசியுங்கள். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

ஏதோ வீடியோ பார்த்துவிட்டுப் பாதி ஆசையும் பாதி பயமுமாகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஆசையில் போடவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு தடவை பர்ஸைத் தொலைத்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபத்தில் போட்டேன். காது மூக்கு குத்துகிற பியர்சிங் கடைக்காரர்தான் வைத்துவிட்டார். சிப், கூலி எல்லாம் சேர்த்து 300 பவுண்டுக்கு மேல் ஆனது. எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே வலித்தது.

எனக்கு வலது கைப் பழக்கம். வேலை செய்கிற கை எதற்கு என்று இடது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரமாக வைத்துக்கொண்டேன். புண் ஆறி ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் முதல் நாள் கேட் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது: கார்டைக் காட்டுகிற அந்த மஞ்சள் வட்டம் வலப்பக்கம் இருக்கிறது! இத்தனை வருஷம் தினமும் கடந்த கேட்தான். அன்றிலிருந்து இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், உடம்பைத் திருப்பி, கை ஓரத்தை வட்டத்தில் அழுத்திக் காத்திருப்பேன். காலை எட்டரை மணிக்குப் பின்னால் நிற்பவர் விடுகிற பெருமூச்சு பிடரியில் படும்.

அழுத்தத்தான் வேண்டும். கார்டில் ஆண்டெனாச் சுருள் விளிம்பு முழுக்கச் சுற்றி ஓடுகிறது. சிப்பில் அது விரல் அகலம்கூட இல்லை. பேட்டரியும் கிடையாது, ரீடர் தருகிற மின்காந்தப் புலத்தில்தான் விழித்துக்கொள்ளும். அதனால் கார்டை அலட்சியமாக வீசிக் காட்டுகிற மாதிரி இதைக் காட்ட முடியாது. ஜனவரிக் குளிரில் தடித்த கையுறையைக் கழற்றாமல் ஒருநாளும் எனக்கு வேலை செய்ததில்லை.

இன்னொன்று. காலையில் கையைக் காட்டி உள்ளே போனேன், வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனில் பழக்கதோஷத்தில் போனைக் காட்டி வெளியே வந்தேன். கேட் திறந்துவிட்டது. லண்டன் ரயிலில் எதைக் காட்டி நுழைகிறோமோ அதையே காட்டித்தான் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நின்ற இரண்டு பயணம் என்று கணக்காகி இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். விழுந்தது. முழுக்க என் தப்பு. பஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை, ஏறும்போது காட்டினால் போதும்.

பஸ்ஸில் ஒரு தடவை பரிசோதகர் வந்து கார்டு கேட்டார். கையை நீட்டினேன். குலுக்கத்தான் நீட்டுகிறேன் என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே குலுக்கிவிட்டார். அப்புறம் விளக்கிச் சொல்லி, அவருடைய கைக்கருவியில் இரண்டு மூன்று இடத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் பீப் சத்தம் வந்தது. “எங்கள் வீட்டு நாய்க்கும் தோலுக்கடியில் ஒரு சிப் இருக்கிறது” என்றார்.

உடனே கமெண்டில், “சிட்னியில் ஒருத்தருக்கு அபராதம் போட்டார்களே” என்று யாராவது வருவீர்கள். அந்தக் கதை வேறு. அவர் ஓப்பல் பயணக் கார்டிலிருந்து சிப்பை வெட்டி எடுத்துக் கையில் பதித்துக்கொண்டவர். 2018-இல் 220 டாலர் அபராதம், 1,000 டாலர் கோர்ட் செலவு என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது, செலவுத் தொகை மட்டும் தலையில் நின்றது. நான் எந்தக் கார்டையும் வெட்டவில்லை. பணம் செலுத்தவென்றே செய்து விற்ற சிப் என்னுடையது.

“எங்கே போனாலும் கவர்ன்மென்டுக்குத் தெரியுமாமே” என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பேட்டரியே இல்லாத பொருள் எப்படி ஊர் சுற்றி உளவு சொல்லும்? ஊருக்குப் போனபோது என் மாமா ஒருத்தர் கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் இதையே கேட்டார். கையில் போன், அதில் மேப் திறந்திருக்கிறது! இதே மாமா வீடு கட்ட என்னிடம் இரண்டு லட்சம் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு மாடியும் எடுத்தாயிற்று. நான் எங்கே இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறதோ இல்லையோ, என் அக்கவுண்ட் நம்பர் அவருக்குத் தெரியும். சரி, அது கிடக்கட்டும்.

இப்போது ஏன் பயன்படுத்தவில்லை என்றால், சிப் கெட்டுப்போகவில்லை. அதன் பின்னால் முன்பணம் போட்டு வைக்கிற கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கை நடத்திய நிறுவனம், பெயர் வேண்டாம், ஒரு மின்னஞ்சலில் கடையை மூடிவிட்டது. மிச்சப் பணம் திரும்பி வந்தது, குறை சொல்லமாட்டேன். ஆனால் கார்டாக இருந்தால் கத்தரித்துக் குப்பையில் போடலாம், இதை என்ன செய்வது? கணக்கு மூடாவிட்டாலும் கார்டைப் போல இதற்கும் காலாவதித் தேதி உண்டு. போடும்போது அந்தத் தேதியைப் படித்தேன், ஆனால் அந்தத் தேதி வந்தால் கையில் மறுபடி கத்தி வைக்க வேண்டும் என்று மனதில் படவில்லை.

எடுக்க இன்னும் போகவில்லை. கட்டைவிரலால் தடவினால் தோலுக்கடியில் லேசாக நகர்கிறது. நீங்கள் போடுவதாக இருந்தால் வலது கையில் போடுங்கள்.