சுந்தன் போட்ட சாப்பாடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவுச் சமையலராக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் அண்ணல் அம்பேத்கர் வழியில் பௌத்தத்துக்கு வந்தவர். புத்த பூர்ணிமா அன்று படத்துக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, பஞ்சசீலம் என்ற ஐந்து நெறிகளைச் சொல்லுவோம். அதோடு சரி. பக்கத்தில் விகாரை கிடையாது. “அது சித்ரா பௌர்ணமிதானே” என்கிறார் மாமியார். “நாம இன்னிக்கு என்னம்மா செய்யணும்?” என்று என் பெண் கேட்கிறாள். அந்த ஒரு நாளால் மற்ற நாளுக்கு என்ன பயன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. விரதம் இருக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் மாமியார் சொல்வதிலும் தவறில்லை. 2025இல் புத்த பூர்ணிமா மே 12 அன்று வந்தது. நம் காலண்டரில் அன்றுதான் சித்ரா பௌர்ணமி. வைகாசி விசாகம் ஜூன் 9இல் வந்தது. புத்தருக்கு உரியது சந்திரனை வைத்துக் கணக்கிடும் வைசாக மாதத்தின் பௌர்ணமி. நம்முடைய மாதங்கள் சூரியனை வைத்துப் பிறப்பவை. அதனால் சில வருடம் அது சித்திரைக் கடைசியில் விழும், சில வருடம் வைகாசியில். இதற்காக வீட்டில் மனஸ்தாபம் வேண்டாம்.

புத்தரின் பிறப்பு, ஞானம், மறைவு மூன்றும் நிகழ்ந்த நாள் என்று பௌத்தத்தின் பழைய பிரிவான தேரவாத மரபு இதைக் கொண்டாடுகிறது. ஞானத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உங்களுக்கு நான் மறைவைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதில் ஒரு சமையல் இருக்கிறது.

புத்தருக்கு அப்போது எண்பது வயது. பாவா என்ற ஊரில், சுந்தன் என்ற கொல்லனின் மாந்தோப்பில் தங்கியிருந்தார். சுந்தன் தன் வீட்டில் விருந்து வைத்தான். அதில் ஒரு பதார்த்தம் பன்றி இறைச்சியா காளானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அதை விடுங்கள். அந்தப் பதார்த்தத்தைத் தனக்கு மட்டும் பரிமாறச் சொல்லி, மீதியைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார் புத்தர். சாப்பிட்ட பிறகு ரத்தபேதி கண்டது. அந்த வலியோடுதான் குசிநாரா நோக்கி நடந்தார்.

வழியில் தன் சீடர் ஆனந்தரை அழைத்துச் சொன்ன விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும். ‘உன் கையால் சாப்பிட்டுத்தான் அவர் போய்விட்டார்’ என்று யாராவது சுந்தனிடம் சொல்லக்கூடும். அவன் மனம் நொந்துவிடக் கூடாது. ஞானம் அடைவதற்கு முன் உண்ட உணவும், மறைவதற்கு முன் உண்ட உணவும் பலனில் சமம், மற்ற எல்லா உணவையும்விட உயர்ந்தவை. இதை என் வாயால் கேட்டதாகவே அவனிடம் போய்ச் சொல். ஆனந்தரிடம் அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

சாகக் கிடக்கும் ஒருவர், சமைத்தவன் மேல் பழி வராமல் பார்த்துக்கொள்கிறார். கருணை என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டில் சின்னக் குறை வந்தாலும் முதல் விரல் யாரை நோக்கி நீளும் என்று சத்துணவுக் கூடத்தில் நிற்கிறவருக்குத் தெரியும். நீங்கள் கேட்ட மற்ற நாட்களின் பயன் இங்கேதான் இருக்கிறது. குழம்பில் உப்பு கூடியது, பிள்ளைக்கு மார்க் குறைந்தது, வண்டி பஞ்சர் ஆனது என்று நம் வீடுகளில் தினமும் ஒரு சுந்தனைத் தேடுகிறோம். ‘உன்னாலதான்’ என்ற சொல் வாய் வரைக்கும் வரும்போது நிறுத்திப் பழகுவதுதான் பௌர்ணமியின் அனுஷ்டானம் என்று நான் நம்புகிறேன். பஞ்சசீலத்தின் நான்காவது சீலம் பேச்சைப் பற்றியதல்லவா? பொய் சொல்லாமல் இருப்பதைவிட அந்த ஒரு சொல்லை விழுங்குவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கூடவே மணிமேகலையையும் சொல்லுங்கள். மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி நீருக்கு மேலே வருவது புத்தர் பிறந்த இந்த நாளில்தான். அந்தப் பாத்திரத்தைக் கையில் வாங்கியவள் பசித்தவர்களைத் தேடிப் போனாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். தமிழில் பௌத்தம் சோறாகத்தான் நமக்கு அறிமுகம் ஆகியிருக்கிறது. தன் அம்மா செய்யும் வேலைக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் உள்ள உறவு உங்கள் பெண்ணுக்குத் தானாகப் புரியும்.

விகாரை இல்லை என்று வருந்தாதீர்கள். கிருஷ்ணகிரியைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோலார் தங்கவயலில், தமிழ் பௌத்த முன்னோடி அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் நடந்தது. சுரங்கத் தொழிலாளிகள்தான் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். உழைத்துக் களைத்த ஜனங்கள் வளர்த்த தம்மம் நம்முடையது.

அன்று என்ன செய்யலாம்? மே மாதம் பள்ளி விடுமுறை, நம் பக்கம் மாங்காய் சீசன். தோப்பில் காய் பறிக்க வந்த கூலியாட்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போதும். ஃப்ளெக்ஸும் ஒலிபெருக்கியும் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். மாமியாரையும் பரிமாறக் கூப்பிடுங்கள், சித்ரா பௌர்ணமி என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

விரதம்: பௌர்ணமி போன்ற உபோசத நாளில், அதாவது பௌத்தர்களின் நோன்பு நாளில், எட்டு சீலம் ஏற்பவர்கள் நடுப்பகலுக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் அப்படி இருந்தால் மயக்கம் வரக்கூடும். டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். மற்ற ஏழு சீலங்களை அந்த ஒரு நாள் கடைப்பிடியுங்கள், இரவுச் சாப்பாட்டை வழக்கம்போல் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.